போலி ஆன்டிவைரஸ்: துடைத்தால் போதுமா, ஃபார்மேட் அடிக்க வேண்டுமா?

"சிஸ்டம் முழுக்க வைரஸாம்ப்பா. முப்பத்தேழு இருக்காம். பணம் கட்டினாத்தான் எடுக்குமாம்" என்று அத்தை போனில் சொன்னார்.

"கட்டிட்டீங்களா அத்தை?"

"இன்னும் இல்ல. கார்டை எடுத்துக் கையில வெச்சிருக்கேன்."

கார்டைத் திரும்ப உள்ளே வைக்கச் சொன்னேன். வைஃபையை அணைக்கச் சொன்னேன். அன்று மாலையே போய் அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்தேன்.

திரை நடுவில் ஒரு பெட்டி. நீலக் கேடயம், சிவப்புப் பட்டை, அடியில் 37 ஃபைல்களின் பட்டியல். மூடினேன். மறுபடி வந்தது, மறுபடி ஸ்கேன் ஓடியது, இருபதே விநாடியில் மறுபடி 37. அதே பெயர்கள், அதே வரிசை. நிஜமான ஆன்டிவைரஸ் டிஸ்க் முழுவதையும் பார்த்து முடிக்க ஒரு மணி நேரத்துக்கு மேலேகூட ஆகும். பட்டியலில் மூன்றாவதாக இருந்த ஃபைலின் பாதையைத் தாளில் எழுதிக்கொண்டு, அந்த ஃபோல்டரைத் திறந்து பார்த்தேன். அப்படி ஒரு ஃபைலே அங்கே இல்லை.

சரி, போலி என்று தெரிந்துவிட்டது. அடுத்த கேள்விதான் கஷ்டமானது: இதை எப்படி எடுப்பது? கையால் நோண்டி எடுக்கலாம், ஸ்கேனர் போடலாம், சிஸ்டம் ரீஸ்டோர் செய்யலாம், ஒரேயடியாக ஃபார்மேட் அடிக்கலாம், கடையில் கொடுக்கலாம். எந்தக் கருவி பெரியது என்று பார்த்து இதை முடிவு செய்யக்கூடாது என்பது என் அனுபவம். அந்தப் போலி எங்கே உட்கார்ந்திருக்கிறது, உங்களிடமிருந்து இதற்குள் எதை வாங்கிவிட்டது என்ற இரண்டையும் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

பிரவுசரிலா, கணினியிலா?

என்னிடம் வரும் கணினிகளில் பாதிக்கு மேல் உண்மையில் எதுவுமே இன்ஸ்டால் ஆகியிருக்காது. ஏதோ ஒரு தளத்துக்குப் போனபோது "அனுமதி" என்ற பட்டனை அழுத்தியிருப்பார்கள். அன்றிலிருந்து அந்தத் தளம் திரையின் வலது கீழ் மூலையில் "உங்கள் கணினி ஆபத்தில் இருக்கிறது" என்று நோட்டிஃபிகேஷன் அனுப்பிக்கொண்டே இருக்கும். பார்ப்பதற்கு விண்டோஸே சொல்வதுபோல் இருக்கும். ஆனால் அந்தச் சின்னப் பெட்டியைக் கூர்ந்து பாருங்கள். குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும், பக்கத்தில் சம்பந்தமே இல்லாத ஒரு தள முகவரியும் பொடி எழுத்தில் இருக்கும். அது இருந்தால் ஸ்கேனரும் வேண்டாம், ஃபார்மேட்டும் வேண்டாம். பிரவுசர் செட்டிங்ஸில் தளங்களுக்கான அனுமதிகள் பகுதிக்குப் போய், நோட்டிஃபிகேஷன் என்பதைத் திறந்து, தெரியாத முகவரிகளை எல்லாம் நீக்குங்கள். கையோடு எக்ஸ்டென்ஷன்களையும் ஒரு பார்வை பார்த்து, நீங்கள் போடாததை எடுத்துவிடுங்கள். ஐந்து நிமிட வேலை.

இன்னொரு வகை, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, ஸ்பீக்கரில் கத்திக்கொண்டு, ஒரு போன் நம்பரைக் காட்டும் பக்கம். மவுஸ்கூட மாட்டிக்கொண்டதுபோல் இருக்கும். எஸ்கேப் பட்டனைச் சில விநாடிகள் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகியதும் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். அசையவில்லை என்றால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, டாஸ்க் மேனேஜரில் பிரவுசரை முடித்துவிடுங்கள். திரும்பத் திறக்கும்போது "பழைய பக்கங்களைத் திறக்கவா?" என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல மறக்காதீர்கள். மறந்தால் அதே பக்கம் திரும்ப வந்து நிற்கும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கைச் செய்திகளில் போன் நம்பர் போடுவதே இல்லை. நம்பர் இருந்தால் அது மோசடி.

இந்த இரண்டும் இல்லை, பிரவுசரை மூடிய பிறகும், ரீஸ்டார்ட் செய்த பிறகும் தனிப் பெட்டியாக வந்து நிற்கிறது என்றால்தான் உள்ளே ஒரு புரோகிராம் உட்கார்ந்திருக்கிறது. அத்தை வீட்டில் இருந்தது இந்த வகை.

பணம் கட்டினால்?

இதை ஒரு வழியாகவே நான் கணக்கில் எடுப்பதில்லை. ஆனால் சோர்ந்துபோய் "கட்டித் தொலைத்துவிடலாமா" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள், அதனால் சொல்கிறேன். இந்தத் தொழில் பழையது. 2008-ல் "ஆன்டிவைரஸ் எக்ஸ்பி", அடுத்து "ஆன்டிவைரஸ் 2009" என்று அலையலையாக வந்தன. 2011-ல் "மேக் டிஃபெண்டர்" என்று ஆப்பிள் கணினிகளுக்கும் ஒன்று வந்தது. வின்ஃபிக்ஸர் போன்ற போலிகளை விற்ற ஒரு கும்பல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை ஏமாற்றியதாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2008-ல் வழக்குப் போட்டது. 2012-ல் 16.3 கோடி டாலர் கட்டச் சொல்லித் தீர்ப்பு வந்தது. இல்லாத வைரஸைக் காட்டி வாங்கும் பணம் இது. கட்டினால் சில நாள் பெட்டி வாயை மூடிக்கொண்டு இருக்கலாம். புரோகிராம் உள்ளேயே இருக்கும், உங்கள் கார்டு நம்பர் அவர்கள் கையில் இருக்கும்.

கையால் எடுப்பது, ஸ்கேனர் போடுவது

இவற்றை ஒப்பிட, போலி எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பெரும்பாலான போலிகள் விண்டோஸின் ஆழத்துக்குப் போவதில்லை. பயனரின் சொந்த ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் ஆப்டேட்டா, அல்லது புரோகிராம்டேட்டா, இந்த மாதிரி இடங்களில் அர்த்தமில்லாத எழுத்துகளில் ஒரு பெயரோடு உட்கார்ந்துகொள்ளும். அட்மின் பாஸ்வேர்டு இல்லாமலே அங்கே எழுத முடியும் என்பதுதான் காரணம். பிறகு ரெஜிஸ்ட்ரியில், அதாவது விண்டோஸ் தன் செட்டிங்குகளை எழுதி வைக்கும் இடத்தில், "ரன்" என்ற இடத்தில் தன் பெயரைச் சேர்த்துக்கொள்ளும், கணினி எழும்போதெல்லாம் தானும் எழுவதற்கு. அப்புறம் தற்காப்பு: டாஸ்க் மேனேஜரைத் திறக்க விடாது, நல்ல ஸ்கேனரைத் தொட்டால் "இந்த ஃபைலில் வைரஸ்" என்று சொல்லி மூடும். சில போலிகள், நெட் எந்த வழியாகப் போக வேண்டும் என்று சொல்லும் பிராக்ஸி செட்டிங்கை மாற்றி, உதவி கிடைக்கும் தளங்களுக்கே போக விடாமல் செய்யும்.

சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவற்றை மட்டும் எழுப்பி விண்டோஸைத் தொடங்கும் முறை, பலன் தருவது இதனால்தான். ரன் பட்டியலில் இருப்பவற்றை விண்டோஸ் சேஃப் மோடில் எழுப்பாது. போலி தூங்கும்போது அதன் மேல் கை வைக்கலாம். ஷிஃப்ட் பட்டனை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுத்தால் நீலத் திரை ஒன்று வரும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் என்று போய் மறுபடி ரீஸ்டார்ட் கொடுங்கள். 4-ஐ அழுத்தினால் நெட் இல்லாத சேஃப் மோட், 5-ஐ அழுத்தினால் நெட் உள்ளது. ஒரு விஷயம்: சில லேப்டாப்களில் டிஸ்க்கைப் பூட்டி வைக்கும் பிட்லாக்கர் இருக்கும், இந்த இடத்தில் அதன் ரெகவரி கீ என்று 48 இலக்க எண் கேட்கும். பெரும்பாலும் அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். போனில் அதைத் திறந்து பார்த்து வைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாதியில் தேடினால் கை நடுங்கும்.

அத்தையின் கணினியில் சேஃப் மோடுக்குப் போய், டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பகுதியைத் திறந்தேன். ஏழு பெயர்கள். ஆறுக்குப் பக்கத்தில் தயாரித்த நிறுவனத்தின் பெயர் இருந்தது. ஏழாவதுக்கு அந்த இடம் காலி, பெயர் உயிரெழுத்தே இல்லாத எட்டு ஆங்கில எழுத்து. ரைட் கிளிக் செய்து ஃபைல் இருக்கும் இடத்தைத் திறந்தேன், ஆப்டேட்டாவுக்குள் கொண்டுபோனது. அந்த ஃபைல் உருவான தேதியும் நேரமும், அத்தை ஒரு "வீடியோ பிளேயர்" இறக்கிய அதே மாலை. பார்த்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. டிசேபிள் செய்து, ஃபோல்டரையே அழித்தேன்.

கையால் எடுப்பதில் வேகம் உண்டு, என்ன நடந்தது என்று கண்ணால் பார்க்கும் நிம்மதியும் உண்டு. ஆனால் நீங்கள் பார்த்த இடத்தில் இருந்ததைத்தான் எடுத்திருக்கிறீர்கள். பார்க்காத இடத்தில் இன்னொன்று இருக்கலாம். ரெஜிஸ்ட்ரியில் தவறான வரியை அழித்தால் விண்டோஸே எழாமல் போகவும் வாய்ப்பு உண்டு. பழக்கம் இல்லாதவர்களுக்கு நான் இதைச் சொல்வதில்லை.

அவர்களுக்கு நான் முதலில் சொல்வது மைக்ரோசாஃப்டின் சொந்த ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேன். விண்டோஸ் 10-லும் 11-லும் கூடவே வருவது, தனியாக எதையும் இறக்க வேண்டாம். விண்டோஸ் செக்யூரிட்டியில் வைரஸ் பாதுகாப்புப் பகுதிக்குப் போய், ஸ்கேன் ஆப்ஷன்ஸில் கடைசியில் பாருங்கள். கொடுத்தால் கணினி ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே, வெளியில் இருந்து ஸ்கேன் செய்யும். சுமார் 15 நிமிடம் ஆகும். போலியும், அதோடு சேர்ந்து வந்து ஆழத்தில் ஒளிந்துகொள்ளும் ரூட்கிட் வகைப் புரோகிராமும் எழாத நேரத்தில் நடப்பதால், சாதாரண ஸ்கேனில் ஒளிந்துகொள்வது இதில் மாட்டும். தொடங்குவதற்கு முன் திறந்திருக்கும் வேலையை எல்லாம் சேமித்துக்கொள்ளுங்கள், சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிவிடும்.

அதற்கு அடுத்து, வேறு கண்ணால் ஒருமுறை பார்ப்பது நல்லது. மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு இந்த மாதிரிப் போலிகளைப் பிடிப்பதில் பல வருடமாகக் கைகொடுக்கிறது. மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் இன்ஸ்டால் செய்யாமலே ஓடும், ஆனால் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும். பழையதை வைத்துக்கொள்ளாமல் அவ்வப்போது புதிதாக இறக்க வேண்டும். விண்டோஸையே திறக்க விடாத அளவுக்குப் போலி மல்லுக்கட்டினால், இன்னொரு நல்ல கணினியில் ரெஸ்க்யூ பென்டிரைவ் ஒன்று தயார் செய்து, கணினியை அதிலிருந்தே தொடங்கி (பூட் செய்து) ஸ்கேன் செய்யலாம். ஆஃப்லைன் ஸ்கேனை விடப் பலமான வழி. ஆனால் பூட் வரிசையை மாற்றத் தெரிந்திருக்க வேண்டும், இரண்டாவது கணினியும் வேண்டும்.

இங்கே ஒரு குழி இருக்கிறது. போலியின் பெயரைத் தட்டி "எப்படி நீக்குவது" என்று தேடினால் வரும் பக்கங்களில் பல, இன்னொரு அரைகுறைக் கருவியை விற்க எழுதப்பட்டவை. ரெஸ்டோரோ, ரீஇமேஜ் என்ற பெயர்களில் கணினி ரிப்பேர் சேவை விற்ற நிறுவனங்கள், பொய்யான எச்சரிக்கைகளைக் காட்டி விற்றதாகச் சொன்ன வழக்கை முடிக்க 2024-ல் 2.6 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஸ்கேனரை அதைத் தயாரித்தவரின் தளத்திலிருந்து மட்டும், முடிந்தால் வேறு கணினியில் இறக்குங்கள். தேடல் முடிவுகளில் முதலில் வரும் விளம்பரத்தைத் தொடவேண்டாம்.

சிஸ்டம் ரீஸ்டோர் பற்றிக் கேட்பீர்கள். நான் அதை நம்புவதில்லை. பல கணினிகளில் அது ஆன் செய்யப்பட்டே இருக்காது. இருந்தாலும் சிஸ்டம் ஃபைல்களையும் ரெஜிஸ்ட்ரியையும் பழைய நாளுக்குக் கொண்டுபோகுமே தவிர, எல்லா ஃபோல்டரிலும் கிடக்கும் மிச்சத்தை எடுக்கும் என்று உறுதி கிடையாது. பெட்டி காணாமல் போனதும் முடிந்தது என்று நினைத்துவிடுவோம், அதுதான் இதில் கெடுதல்.

ஃபார்மேட் எப்போது?

அத்தையின் கணினியைக் கையால் துடைத்து, ஆஃப்லைன் ஸ்கேனும் போட்டு, சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்தேன். இரண்டாம் நாள் போன். "அதே நீலக் கேடயம் வந்துடுச்சுப்பா." குறித்த நேரத்தில் வேலைகளைத் தானாக ஓட்டும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒரு வேலை உட்கார்ந்திருந்தது. நெட் கிடைத்ததும் போலியைத் திரும்ப இறக்கிக்கொள்ளச் சொல்லும் ஒரே வரி. அதை நான் பார்க்கவில்லை. அதையும் அழித்திருக்கலாம். ஆனால் ஒன்று தப்பியது என்றால் இரண்டாவது தப்பாது என்று எதை வைத்துச் சொல்வது? அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு: துடைப்பதற்கு ஒரு மாலை, ஒரே ஒரு வாய்ப்பு. திரும்ப வந்தால் ஃபார்மேட்.

திரும்ப வரும்வரை காத்திருக்கக்கூடாத நிலையும் ஒன்று உண்டு. திரையில் இருந்த நம்பருக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி எனிடெஸ்க், டீம்வியூவர் மாதிரி, தூரத்திலிருந்தே கணினியை இயக்க விடும் சாஃப்ட்வேர் ஒன்றைப் போட்டு உள்ளே விட்டிருந்தால், அங்கே ஸ்கேனர் போதாது. அந்த சாஃப்ட்வேர்கள் நல்லவை என்பதால் எந்த ஸ்கேனரும் அவற்றை வைரஸ் என்று சொல்லாமல் போகலாம். அரை மணி நேரம் கணினியை ஆண்டவர் என்னென்ன வைத்துவிட்டுப் போனார் என்று உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. உடனே நெட்டைத் துண்டியுங்கள். போனிலிருந்தோ வேறு கணினியிலிருந்தோ முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டு, அடுத்து வங்கிப் பாஸ்வேர்டு என்ற வரிசையில் மாற்றுங்கள். மின்னஞ்சல் ஏன் முதலில் என்றால், மற்ற எல்லாப் பாஸ்வேர்டையும் அதை வைத்து மாற்றிவிடலாம். கார்டு நம்பர் கொடுத்திருந்தால் வங்கிக்குப் போன் செய்து கார்டை முடக்குங்கள். அப்புறம் ஃபார்மேட். இந்த வரிசையில் ஃபார்மேட் கடைசிதான். பணம் போய்க்கொண்டிருக்கும்போது விண்டோஸை இன்ஸ்டால் செய்துகொண்டு உட்கார வேண்டாம்.

ஃபார்மேட்டிலும் மூன்று விதம். "ரீசெட் திஸ் பிசி" கொடுத்து ஃபைல்களை வைத்துக்கொள்வது முதலாவது. போட்டோ, டாக்குமென்ட் இருக்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்களும் செட்டிங்குகளும் போய்விடும். எளிது. ஆனால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும் அந்தக் கெட்ட செட்டப் ஃபைலும் உங்கள் "ஃபைல்" என்ற பெயரில் பத்திரமாகத் தங்கிவிடும். இரண்டாவது, அதே ரீசெட்டில் எல்லாவற்றையும் அழிப்பது. விண்டோஸை எங்கிருந்து எடுக்க என்று கேட்கும்போது கிளவுட் டவுன்லோட் கொடுத்தால் மைக்ரோசாஃப்டிடமிருந்து புதிதாக இறக்கும், 4 ஜிபி அளவுக்கு டேட்டா ஆகும். லோக்கல் கொடுத்தால் இருக்கும் ஃபைல்களை வைத்தே கட்டும். கெட்டுப்போன கணினியில் நான் கிளவுட்தான் கொடுப்பேன். மூன்றாவது, வேறு கணினியில் மீடியா கிரியேஷன் டூலை வைத்து 8 ஜிபி பென்டிரைவ் தயார் செய்து, டிஸ்க்கில் பழைய விண்டோஸ் இருக்கும் பகுதியை (பார்ட்டிஷனை) அழித்து முதலிலிருந்து போடுவது. யாராவது உள்ளே வந்துபோன கணினிக்கு இதைத்தான் சொல்வேன். ஒருவேளை இன்னும் விண்டோஸ் 10-ல் இருக்கிறீர்கள் என்றால், அதன் ஆதரவு 2025 அக்டோபர் 14-லேயே முடிந்துவிட்டது. கணினி தாங்கும் என்றால் இந்தச் சாக்கில் 11-க்கே போய்விடுங்கள்.

ஃபார்மேட்டுக்கு விலை நேரம் மட்டும் இல்லை. பேக்கப் எடுக்கும்போது எல்லோரும் டெஸ்க்டாப்பையும் போட்டோக்களையும் எடுத்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். மாமா கணக்கு எழுதும் சாஃப்ட்வேரின் டேட்டா டாக்குமென்ட்ஸில் இல்லை, சி டிரைவில் தனி ஃபோல்டரில் இருந்தது. அவர் தற்செயலாக அந்த நேரம் அறைக்குள் வந்து "என் கணக்கு இருக்கும்ல?" என்று கேட்காமல் இருந்திருந்தால் பல வருடக் கணக்கு போயிருக்கும். எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. அதனால் அந்தக் கணினியைப் பயன்படுத்தும் ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து கேளுங்கள்: என்ன சாஃப்ட்வேர் பயன்படுத்துகிறீர்கள், அதன் டேட்டா எங்கே இருக்கிறது, லைசென்ஸ் கீ எங்கே? பிரவுசர் புக்மார்க், தனியாக இன்ஸ்டால் செய்த தமிழ் எழுத்துருக்கள், பிரிண்டர் டிரைவர், எல்லாவற்றையும் தாளில் எழுதுங்கள். பேக்கப்பில் படம், பாட்டு, டாக்குமென்ட் மட்டும் போகட்டும். செட்டப் ஃபைல் ஒன்றுகூட வேண்டாம், எல்லாம் திரும்ப இறக்கிக்கொள்ளலாம். பேக்கப் எடுத்த பென்டிரைவை, விண்டோஸ் புதிதாகப் போட்ட கணினியில் செருகியதும், திறப்பதற்கு முன் ஸ்கேன் செய்யுங்கள்.

கடையில் கொடுப்பது

இதில் எதையும் செய்ய நேரமோ தெம்போ இல்லாதவர்களுக்கு நல்ல வழிதான், தெரிந்த ஆள் என்றால். பேக்கப்பை நீங்களே எடுத்துவிட்டுக் கொடுங்கள். கேட்காமல் ஃபார்மேட் அடிக்கக்கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். என்ன எடுத்தார்கள், எங்கே இருந்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாத இடத்தில் திரும்பக் கொடுக்காதீர்கள். பெரிய கடை என்பது மட்டும் உத்தரவாதம் இல்லை. அமெரிக்காவின் ஆஃபீஸ் டிப்போ கடைகளில் "பிசி ஹெல்த் செக்" என்று இலவசப் பரிசோதனை செய்தார்கள். தொடக்கத்தில் வாடிக்கையாளரிடம் நான்கு கேள்வி கேட்பார்கள். கணினி மெதுவாக இருக்கிறதா என்பது மாதிரி. ஒன்றுக்கு ஆம் என்று டிக் அடித்தாலே மால்வேர், அதாவது கெட்ட புரோகிராம், இருப்பதற்கான அறிகுறி என்று முடிவு வந்துவிடும். அதைக் காட்டி ரிப்பேர் சேவையை விற்றதாகத்தான் வழக்கு. 2019-ல் அந்த நிறுவனமும் மென்பொருள் கொடுத்த சப்போர்ட்.காம் நிறுவனமும் சேர்ந்து 3.5 கோடி டாலர் கட்டி வழக்கை முடித்தன.

அத்தை வீட்டுக்கு இரண்டாம் முறை போனபோது பென்டிரைவிலிருந்து முழுதாகப் போட்டேன். மாமாவின் கணக்கு திரும்ப ஏறி, பிரிண்டர் முனகி ஒரு பக்கம் அடித்துக் கொடுத்தபோது இரவு பதினொன்று. கிளம்பும்போது அத்தை கேட்டார், "இப்ப இதுல ஆன்டிவைரஸ் எது?"

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டியது அது. தன் கணினியில் இருக்கும் ஆன்டிவைரஸின் பெயரே அவருக்குத் தெரியாததால்தான், வேறொன்று வந்து "நான்தான்" என்று சொன்னபோது நம்பினார். திரையின் வலது மூலையில் டிஃபெண்டரின் கேடயத்தைக் காட்டினேன். திறந்து, அது எச்சரிக்கை கொடுத்தால் எப்படி இருக்கும், பணம் கேட்காது, நம்பர் காட்டாது என்று சொன்னேன். அத்தை நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, தானே ஒருமுறை மூடித் திறந்து பார்த்தார். பிறகு மாமாவைக் கூப்பிட்டு, "இங்க பாருங்க, நம்மளோடது இதுதான்" என்று அவருக்கும் காட்டினார்.